இடிபாடும் எஞ்சாத தெரு

1995-ஆம் ஆண்டில் கமிலோ ஹோசே வெர்காரா என்னும் நிழற்படக் கலைஞர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். சிலி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் அவர். நலிந்த அமெரிக்க நகரங்களின் ஒரே தெருவை, ஒரே கட்டடத்தை ஆண்டுதோறும் திரும்பச் சென்று படமெடுத்தவர். டெட்ராய்ட்டின் நடுப்பகுதியில் ஆளொழிந்து நிற்கும் வானளாவிய கட்டடங்களை இடிக்கவும் வேண்டா, புதுக்கவும் வேண்டா; ஏறத்தாழப் பன்னிரண்டு கட்டடத் தொகுதிகள் அடங்கிய பரப்பை அப்படியே பாழாக நிற்க விட்டுவிடலாம்; ஏதென்ஸுக்கு ஓர் அக்ரோபொலிஸ் இருப்பதுபோல் அமெரிக்காவுக்கும் ஒன்று இருக்கட்டும் என்பது அக்கருத்து. டெட்ராய்ட் மக்கள் சினந்தார்கள். உயிரோடிருப்பவன் வீட்டு வாசலில் நினைவுத்தூணுக்கு இடம் பார்ப்பதுபோல் அது அவர்களுக்குப் பட்டது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் வெர்காராவின் பக்கம் சாய்பவர்களே மிகுதியாக இருக்கக்கூடும். பாழைக் கண்டால் பாட்டு எழுவது இயல்பு. தமிழ்ப் புறப்பாடல்களிலும் பாழ் இருவகையாகப் பாடப்பட்டுள்ளது. பகைவர் நாட்டைக் கொளுத்தியும் கொள்ளையிட்டும் பாழாக்கியதைச் சொல்லி வென்றவனைப் புகழ்வது மழபுலவஞ்சி. மாண்டவர் பொருட்டும் இழந்தவற்றின் பொருட்டும் செயலற்று நின்று வருந்துவது கையறுநிலை. இரண்டிலும் எரிந்த ஊர் இருக்கலாம். வெறிச்சோடிய மன்றம் இருக்கலாம். பாடுகிறவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பதே வேறுபாடு. டெட்ராய்ட் நகர நடுவத்தின் மூன்று நூற்றாண்டு வரலாற்றைப் பார்க்கையில் இவ்வேறுபாட்டைக் கைவிடாமல் வைத்துக்கொள்வது நலம்.

‘டெட்ராய்ட்’ என்பது பிரெஞ்சுச் சொல்; நீரிணை என்பது அதன் பொருள். செயின்ட் கிளேர் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையே ஓடும் ஆற்றின் குறுகிய கரையில், 1701-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அந்துவான் காடியாக் என்னும் பிரெஞ்சுக்காரர் கோட்டை ஒன்றை நாட்டினார். ஆற்றின் மறுகரை கனடா. உலகப்படத்தில் கனடா அமெரிக்காவுக்கு வடக்கே இருக்க, டெட்ராய்ட்டின் நடுவில் நின்று தெற்கே நோக்கினால் கனடா தெரியும். அந்நகரத்தார் விருந்தினருக்குச் சொல்லி மகிழும் வேடிக்கை இது. கோட்டையைச் சுற்றிக் குடியேறிய உழவர்கள் ஆற்றங்கரையிலிருந்து உட்புறமாக நீளும் ஒடுங்கிய பட்டைகளாக நிலத்தைப் பகுத்துக்கொண்டனர். போபியன், ரிவார்டு முதலிய தெருப்பெயர்கள் அந்நிலக்காரர் பெயர்களே. அவ்வுழவர்கள் கீழ்ப்புறத்துக் கரிய வண்டல் நிலத்துக்கு இட்ட பெயர்தான் ‘பிளாக் பாட்டம்’ என்பர். பின்னாளில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியாகவே அது விளங்கியதால், பெயரும் அவர்களால் வந்தது என்று பலர் எண்ணிவிட்டனர். மண்ணின் நிறத்துக்கு வைத்த பெயர் மனிதரின் நிறத்துக்கு ஆகிவிட்டது.

1805-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் தீப்பிடித்து ஊர் முழுவதும் எரிந்தது. மரவீடுகள், ஒன்றையொன்று ஒட்டியவை. சில மணி நேரத்தில் எல்லாம் சாம்பல். அவ்வேளையில் பாதிரியார் காப்ரியேல் ரிஷார் சொன்னவை என்று கூறப்படும் இரண்டு இலத்தீன் தொடர்களே இன்றும் நகரமுத்திரையில் உள்ளன: இதனினும் நல்லதை எதிர்நோக்கியிருக்கிறோம் என்பது ஒன்று, சாம்பலிலிருந்து இது மீண்டெழும் என்பது மற்றொன்று. நகரம் இடர்ப்படும்போதெல்லாம் இவ்விரு தொடர்களையும் எடுத்தாளாத தலைவர் அங்கு இல்லை. ஆயினும் முதல் தீயைப்போல் தானாக வந்த அழிவு அந்நகருக்குப் பிறகு நேரவில்லை. அடுத்து வந்தவை யாவும் மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் கோடு கிழித்து உறுதி செய்யப்பட்டவை.

எரிந்த ஊருக்குப் புதுவடிவம் வகுத்தவர் அகஸ்டஸ் உட்வர்டு என்னும் நீதிபதி. வாஷிங்டன் நகரின் அமைப்பைக் கண்டு ஈர்க்கப்பட்ட அவர், அறுகோணங்களும் வட்டங்களும் அவற்றிலிருந்து கதிர்போல் விரியும் அகன்ற சாலைகளுமாக ஒரு திட்டம் தீட்டினார். மதுரையைத் தாமரைப்பூவாகவும் தெருக்களை அதன் இதழ்களாகவும் கண்ட பரிபாடலை அறிந்தவருக்கு அவ்வரைபடம் அயலாகத் தோன்றாது. மக்களுக்கோ அத்துணை அகலச் சாலையில் விருப்பமில்லை; சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. முழுவட்டமாக இருந்திருக்க வேண்டிய கிராண்ட் சர்க்கஸ் பூங்கா அரைவட்டமாக நின்றுவிட்டது. எனினும் கேம்பஸ் மார்ஷியஸ் என்னும் நடுத்திடலும் அதனைச் சூழ்ந்து விரியும் நெடுஞ்சாலைகளும் நிலைத்தன. அவற்றுள் தலையானது உட்வர்டு சாலை. தம் பெயரைத் தாமே வைத்துக்கொண்டார் என்று குறை கூறியவர்களிடம், சாலை காட்டை நோக்கிச் செல்வதால் ‘உட்-வர்டு’ என்று வைத்ததாக நீதிபதி விடையிறுத்தாராம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பு, இரயில் பெட்டி, கப்பல், மருந்து, புகையிலை ஆகியவற்றால் அவ்வூர் செழித்தது. 1896-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் விடியற்காலையில், பேக்லி தெருவில் தாம் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கொட்டகையில் ஹென்றி ஃபோர்டு தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். நான்கு மிதிவண்டிச் சக்கரங்களின்மேல் ஓர் எந்திரம். செய்தபின்தான் கொட்டகையின் கதவு போதாது என்று தெரிந்தது; கோடரியால் செங்கற்சுவரை இடித்து வண்டியை வெளியே கொணர்ந்தார். அந்நகரத்தில் காருக்காக இடிக்கப்பட்ட முதற்சுவர் அது.

கார்த் தொழிற்சாலைகள் நகர நடுவத்தில் எழவில்லை. 1913-இல் நகரும் கோர்ப்புவரிசையைத் தொடங்கிய ஹைலண்ட் பார்க் ஆலை, உட்வர்டு சாலையில் வடக்கே பல கல் தொலைவில் இருந்தது. ஆலைகளில் உருண்ட பணம் மட்டும் நடுவத்தில் வந்து சேர்ந்தது. வங்கி, காப்பீடு, வழக்குரைஞர் அலுவலகம், விடுதி, அங்காடி, திரையரங்கு எல்லாம் ஆற்றங்கரையிலிருந்து நடந்து கடக்கும் தொலைவுக்குள் நெருங்கி எழுந்தன. 1900-இல் 2,85,704-ஆக இருந்த மக்கள்தொகை 1930-இல் 15,68,662. முப்பதே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். இப்பெருக்கத்தைக் கல்லிலும் செங்கல்லிலும் பதிந்துவைத்தது 1920-களின் கட்டடக்கலை. அதற்கு ஒரு மனிதரைச் சுட்டவேண்டுமாயின் வெர்ட் ரோலண்டைச் சுட்டலாம். ஸ்மித், ஹிஞ்ச்மன், கிரில்ஸ் என்னும் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். நியூயார்க், சிகாகோ கலைஞர்கள் பெற்ற புகழை அவர் பெறவில்லை. ஆனால் கிரிஸ்வால்டு தெருவில் சில நிமிட நடையில் அவருடைய மூன்று பெருங்கட்டடங்களைக் காணலாம்: 1925-இன் பூல், 1928-இன் பெனாப்ஸ்காட், 1929-இன் கார்டியன்.

பெனாப்ஸ்காட் 47 மாடிகள், 565 அடி. மேலே செல்லச் செல்லப் படிப்படியாக உள்வாங்கிக் குறுகும் அதன் உடல், மலை ஒன்று தன்னைச் செதுக்கிக்கொண்டது போன்றது. 1977 வரை அந்நகரின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. உயரத்தில் அது வென்றது; அழகில் கார்டியன் வென்றது.

கார்டியன் கட்டடம் யூனியன் டிரஸ்ட் என்னும் நிதிநிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. சாம்பல்நிறச் சுண்ணக்கல்லே வங்கிக்குரிய மதிப்பு என்று கருதப்பட்ட காலத்தில், ரோலண்ட் பழுத்த ஆரஞ்சுநிறச் செங்கல்லைத் தேர்ந்தார். நுழைவாயிலின் மேல் அரைக்குவிமாடத்தில் பெவாபிக் ஓடுகள். அவற்றை வனைந்தது மேரி சேஸ் ஸ்ட்ராட்டன் என்னும் பெண்மணி டெட்ராய்ட்டிலேயே நடத்திய மட்பாண்டக் கூடம். ஒளிமாறும் பூச்சுக்குப் பெயர்பெற்றவை அவருடைய ஓடுகள்: மயிற்கழுத்தில் போல நிறம் நகரும். உள்ளே சென்றால் சின்சினாட்டியின் ருக்வுட் ஓடுகள் பதித்த வளைவு விதானம். வட ஆப்பிரிக்கச் செம்பளிங்கு. பித்தளைக்கு மாற்றாக வெள்ளிபோல் மின்னும் மோனல் உலோகம். மிச்சிகன் மாநிலத்தின் தொழில்களைக் காட்டும் எஸ்ரா விண்டரின் சுவரோவியம். வெளிச்சுவர்ச் சிற்பங்களில் இத்தாலியில் பிறந்த கொராடோ பார்டுச்சியின் கை இருக்கிறது. ‘நிதியின் பேராலயம்’ என்று அதனை அழைத்தது மிகையன்று.

அப்பேராலயத்தில் ஒரு நுட்பம் உண்டு. தேவாலயத்தில் ஓசை எதிரொலித்துப் பெருகவேண்டும், வங்கிக்கூடத்தில் அடங்கவேண்டும். எனவே கூடத்தின் விதானத்தில் குதிரைமயிர் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டிய கித்தான் துணியை ஒட்டினார்கள். எத்தனை பேர் பேசினாலும் ஒலி மேலே சென்று மயிருக்குள் அமிழ்ந்துவிடும். பணம் எண்ணப்படும் இடத்தில் அமைதி வேண்டும் என்பதற்காக இத்துணைப் பாடுபட்ட கலையைப் பாராட்டாமலும் இருக்க இயலாது. புன்னகைக்காமலும் இருக்க இயலாது.

1929-இல் திறந்த கட்டடத்தின் காலக்கணக்கு கொடிது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1933 பிப்ரவரியில் யூனியன் கார்டியன் டிரஸ்ட் நிறுவனமே தள்ளாட, அதனைத் தாங்கும் பேச்சுகள் முறிய, பிப்ரவரி 14-ஆம் நாள் மிச்சிகன் ஆளுநர் மாநிலத்தின் வங்கிகள் அனைத்தையும் மூட ஆணையிட்டார். அடுத்த மாதம் நாடு முழுவதும் வங்கிகள் மூடப்பட்டன. ஆலயம் எழுந்து நான்காண்டு நிறைவதற்குள் தெய்வம் வெளியேறிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் நகர நடுவத்தில் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் எழவில்லை.

போர்க்காலத்தில் ஆலைகள் பீரங்கி வண்டியும் போர்விமானமும் செய்தன. நகரம் மீண்டும் நிரம்பியது. 1950-இல் மக்கள்தொகை 18,49,568. அதுவே உச்சம். அந்நாளில் நடுவத்தின் உயிர்நாடி ஹட்சன் அங்காடி. உட்வர்டு சாலையில் 400 அடிக்கு மேல் உயர்ந்து நின்ற அது உலகிலேயே உயரமான பல்பொருள் அங்காடி. கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லாத பெற்றோர் குறைவு. இதே ஹட்சன் நிறுவனம்தான் 1954-இல் நகரெல்லைக்கு வெளியே, விக்டர் க்ரூன் வடிவமைத்த நார்த்லேண்ட் என்னும் வணிக வளாகத்தைத் திறந்தது. சுற்றிலும் கார் நிறுத்தத் திடல்கள். நடுவத்தில் உள்ள தன் கடைக்குத் தானே போட்டி வைத்தது அது. 1983-இல் தாய்க்கடை மூடப்பட்டது. 1998 அக்டோபர் 24-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தனர். அதுவரை அவ்வாறு தகர்க்கப்பட்ட கட்டடங்களுள் அதுவே மிக உயரமானது.

திரையரங்குகளுள் ஃபாக்ஸ் பிழைத்தது. 1928-இல் ஹோவர்டு கிரேன் கட்டிய, 5,000-க்கு மேல் இருக்கைகள் கொண்ட அவ்வரங்கு 1988-இல் புதுக்கப்பெற்று இன்றும் இயங்குகிறது. மிச்சிகன் திரையரங்கின் விதி வேறு. அதன் கதை கற்பனையில் எழுதப்பட்டிருந்தால் செயற்கை என்று தள்ளப்பட்டிருக்கும்.

1896-இல் ஃபோர்டு சுவரை இடித்த அந்தப் பேக்லி தெரு இடத்திலேயே 1926-இல் எழுந்தது மிச்சிகன் திரையரங்கு. மறுமலர்ச்சிப் பாணி, ஏறத்தாழ 4,000 இருக்கைகள், பொன்பூசிய சுதைவேலை, பலமாடி உயரத்துக் கூடம். ஐம்பதாண்டில் மக்கள் புறநகருக்குப் போய்விட, 1976-இல் அரங்கு மூடப்பட்டது. ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடத்தில் இருந்தவர்கள் கார் நிறுத்த இடம் கேட்டனர். அரங்கை இடித்தால் அலுவலகக் கட்டடமும் ஆட்டங்காணும் என்றனர் பொறியாளர்கள். ஆகவே வெளிக்கூட்டை விட்டுவிட்டு, உள்ளே இருக்கைகளையும் மாடங்களையும் பெயர்த்தெறிந்து, மூன்றடுக்குக் கான்கிரீட் தளம் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கினர். அண்ணாந்தால் சுதைமலர்கள் உதிரும் விதானம், கிழிந்து தொங்கும் திரைச்சீலை. குனிந்தால் எண் எழுதிய வெள்ளைக் கட்டங்களில் கார்கள். பிறந்த கொட்டிலுக்கே திரும்பிவந்து படுத்துக்கொண்ட விலங்குபோல் கார் அங்கு வந்து நின்றது. உலகெங்கிலும் இருந்து வந்த நிழற்படக்காரர்கள் அவ்விடத்தைப் படமெடுத்துச் சலிக்கவில்லை. வெர்காரா காக்க விரும்பிய வகை அழகு இது. அழகுதான் என்பதை மறுப்பதற்கில்லை.

இதுவரை கூறியவை நின்ற கட்டடங்களின் கதை. நகர நடுவத்தின் கீழ்விளிம்பில் நில்லாமற்போன ஒன்று உண்டு.

1910-இல் டெட்ராய்ட்டில் கறுப்பின மக்கள் ஆறாயிரம் பேரும் இல்லை. 1930-இல் 1,20,066. தென்மாநிலங்களின் பருத்திக்காட்டையும் கொலைவெறிக் கும்பல்களையும் விட்டு ஆலைக்கூலி தேடி வந்தவர்கள் அவர்கள். நகரின் மற்றப் பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தனர். வங்கிகள் கடன் தருவதில்லை. எஞ்சியது பிளாக் பாட்டமும் அதன் வடக்கே ஒட்டிய பாரடைஸ் வேலியும். பழைய மரவீடுகள், ஒரு வீட்டில் பல குடும்பங்கள், பல வீடுகளில் கழிப்பறை வெளியே. இதனை மறைத்துப் பொற்காலமாக்குவது பொய். ஆனால் அங்கு ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. மருத்துவர், மருந்துக்கடை, முடிதிருத்தகம், இசைத்தட்டுக் கடை, தேவாலயம், சூதாட்டக் கூடம், இரவுவிடுதி எல்லாம் ஒரே தெருவில். டியூக் எலிங்டனும் பில்லி ஹாலிடேயும் பாடவந்த அரங்குகள் அப்பகுதியில் இருந்தன. நடுவத்தின் பெருவிடுதிகள் கறுப்பினப் பாடகருக்கு அறைதர மறுத்தபோது, அவர்கள் தங்கியது கறுப்பினத்தவர் நடத்திய கோத்தம் விடுதியில். ஜான் லீ ஹூக்கர் 1948-இல் பதிவு செய்த புகழ்பெற்ற பாடலில் இத்தெருவின் பெயர் ஒலிக்கிறது. அரேதா ஃபிராங்ளினின் தந்தையார் தலைமை ஏற்றிருந்த நியூ பெத்தேல் தேவாலயமும் இத்தெருவில்தான் இருந்தது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி, பின்னர் நகரின் முதல் கறுப்பின மேயரான கோல்மன் யங் இருவரும் பிளாக் பாட்டத்தில் வளர்ந்தவர்கள்.

1949-ஆம் ஆண்டின் நடுவண் வீட்டுவசதிச் சட்டம் ‘சேரி அகற்றல்’ என்னும் பெயரில் பணம் தந்தது. 1950 முதல் பிளாக் பாட்டம் இடிக்கப்பட்டது. குடியிருந்தவர்களுள் பெரும்பாலோர் வாடகைக்காரர். நிலத்துக்கான விலை அவர்கள் கைக்கு வரவில்லை. இடித்த நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது, களை மண்டியது. அதன்பின் 1950-களின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து வந்த பெருங்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ, நகரமைப்பாளர் லுட்விக் ஹில்பர்சைமருடன் அங்கு லஃபாயெட் பார்க் என்னும் குடியிருப்பை எழுப்பினார். இரும்பும் கண்ணாடியும், தாழ்ந்த வரிசைவீடுகள், ஆல்ஃபிரட் கால்ட்வெல் வகுத்த மரச்சோலை. மிக அழகிய குடியிருப்பு அது. பல இனத்தவரும் கூடி வாழ்ந்த இடமாகவும் ஆயிற்று. ஆயினும் வெளியேற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோரால் அங்கு வாடகை கொடுத்துக் குடியேற இயலவில்லை. 2015-இல் லஃபாயெட் பார்க் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இடித்த இடத்தில் கட்டியது வரலாறு ஆகிவிட்டது. இடிக்கப்பட்டதற்கு அப்பேறு இல்லை.

ஹேஸ்டிங்ஸ் தெருவுக்கு அவ்வளவுகூடக் கிட்டவில்லை. தெருவையே தோண்டிப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தில் கிரைஸ்லர் விரைவுச்சாலையை ஓடவிட்டனர். 1964-இல் அது திறக்கப்பட்டது. புறநகருக்குப் போனவர்கள் கார்ப் பயணத்தில் நடுவத்துக்கு விரைந்து வந்து விரைந்து திரும்புவதற்கான வழி அது. தெரு இருந்த இடம் தரைமட்டத்துக்கும் கீழே போனது. நின்று படமெடுக்க அங்கு ஓர் அரைச்சுவரும் இல்லை. டெட்ராய்ட்டின் பாழைக் காட்டும் படத்தொகுதிகள் எத்தனையோ வந்தன. இவ்வழிவு அவற்றில் இடம்பெற வழியே இல்லாமற்போயிற்று. பாழ் என்று சொல்லப்படுவதற்கும் ஏதேனும் எஞ்சவேண்டும். வங்கிக்கும் திரையரங்குக்கும் அது எஞ்சியது.

இத்தெருவைப் பாடிய கவிஞர் ஒருவர் உண்டு. 1913-இல் டெட்ராய்ட்டில் பிறந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் அப்பகுதியிலேயே வளர்ந்த ராபர்ட் ஹேடன். 1976-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகராக அமர்த்தப்பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஏறத்தாழ அரசவைக் கவிஞர் பொறுப்பு அது. பின்னர் அப்பெயரும் அதற்கு வந்தது. 1978-இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் பாரடைஸ் வேலிக்கு இரங்கல்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாடல்தொடர் உள்ளது. கட்டடங்களை அவர் தேடவில்லை. அத்தெருவில் வாழ்ந்த மனிதரைப் பெயர்பெயராகச் சொல்லி, இவர் எங்கே, அவர் எங்கே என்று வினவுகிறார். உடுத்தித் திரிந்தவர், குறிசொன்னவர், போதையில் அழிந்தவர் எவரும் விடுபடவில்லை. நல்லவர் என்று எவரையும் மெருகேற்றவும் இல்லை. தமிழில் அதனை எந்தத் துறையில் வைப்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி நடுவத்துக்குத் திரும்பலாம். 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் மாண்டனர். அது வெடித்த பன்னிரண்டாம் தெரு நடுவத்தில் இல்லை; பிளாக் பாட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் சென்று நெருக்கியடித்துக் குடியேறிய பகுதிகளுள் ஒன்று. நகரம் வீழ்ந்தது 1967-இல் என்று எழுதுவோர் 1950-ஐ மறந்துவிடுகின்றனர். பிறகு இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் முயற்சியால் ஜான் போர்ட்மன் வடிவமைத்த மறுமலர்ச்சி மையம் 1977-இல் ஆற்றங்கரையில் எழுந்தது. நடுவே 73 மாடி விடுதிக்கோபுரம், சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். சாலைப்பக்கம் உயர்ந்த மதில்மேடை வைத்து, நகரத்துக்கு முதுகைக் காட்டி நின்றது அது. காரில் வந்து, காரிலேயே உள்நுழைந்து, வெளித்தெருவை மிதிக்காமலே வீடு திரும்பலாம். பழைய கோபுரங்களிலிருந்த அலுவலகங்கள் சில அங்கே குடிபெயர, பழையவை மேலும் காலியாயின.

ரோலண்டின் காலத்துக் கோபுரங்கள் அழியாமல் நின்றது அவற்றின்மேல் யாரும் வைத்த அன்பினால் அன்று. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வளம் பெருகப் பெருகப் பழையதை இடித்துப் புதியதைக் கட்டினர். டெட்ராய்ட்டில் அந்நிலத்தை விரும்புவார் இல்லை. இடிக்கும் செலவுக்கும் பணம் இல்லை. வறுமையே காவலாக நின்றது. பூட்டிய கட்டடங்களில் செப்புக் குழாய்களைத் திருடினர்; கூரை ஒழுகியது; உச்சிமாடங்களில் மரங்கள் முளைத்தன. வெர்காரா கண்டது அக்கோலத்தை. அவர் கண்ட காலத்திலும் பத்து இலட்சம் பேர் அந்நகரில் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதுதான் அவருக்கு வந்த மறுமொழி. வெர்காராவுக்கும் நேர்மை செய்யவேண்டும்: எளியவர் குடியிருப்புகளையும் அவர் பல்லாண்டு படமெடுத்தவர், இடிப்பதை எதிர்த்துத்தான் அவ்வாறு சொன்னார். ஆனால் அக்ரோபொலிஸ் என்ற ஒரு சொல்லில் அவ்வூர் இறந்ததாகிவிட்டது.

2013 ஜூலை 18-ஆம் நாள் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனுடன் நகராட்சி நொடிப்பு அறிவித்தது. 2014 இறுதியில் அதிலிருந்து மீண்டது. அதற்கு முன்பே, 2010-இல், டேன் கில்பர்ட் தம் வீட்டுக்கடன் நிறுவனத்தை நடுவத்துக்குக் கொண்டுவந்து, மலிந்து கிடந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியிருந்தார். 1926-இல் லூயி காம்பர் கட்டி, 2009-இல் கடைசிக் குடியும் வெளியேறிய 38 மாடி புக் டவர், 2023-இல் மீண்டும் திறந்தது. அதன் கண்ணாடி விதானத்தைத் துண்டு துண்டாகச் செப்பனிட்ட கைவினை போற்றத்தக்கது. ஹட்சன் அங்காடி இருந்த வெற்றிடத்திலும் புதுக்கோபுரம் எழுந்துவிட்டது. இம்மீட்சியை ஏளனம் செய்வதற்கில்லை; உடைந்த பலகணியில் மீண்டும் விளக்கெரிவது நல்லதே. ஆனால் கேப்பிட்டல் பார்க் திடலருகே அரசு உதவிவாடகையில் வாழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட முதியோர், அவர்கள் குடியிருந்த கட்டடம் கைமாறியதும், 2014-க்குள் வெளியேற நேர்ந்தது. நடுவம் வெறிச்சோடிக் கிடந்த ஆண்டுகளில் இரவில் அங்கு விளக்கேற்றியிருந்தவர்களுள் அவர்களும் உண்டு.

ஹேஸ்டிங்ஸ் தெருவை விழுங்கிய விரைவுச்சாலையின் நடுவப் பகுதியை மூடித் தரைமட்டச் சாலையாக்கும் திட்டத்துக்கு 2022-இல் நடுவண் அரசு பத்துக் கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2025-இல் செலவு கூடியதாகச் சொல்லி மாநிலப் போக்குவரத்துத் துறை அதனை நிறுத்திவைத்தது. பள்ளத்தை மூடினால் கிடைக்கும் நிலம் யாருக்கு என்ற வழக்கு அதற்குள்ளேயே தொடங்கியிருந்தது.

டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பில் பிளாக் பாட்டத்தின் படங்கள் உள்ளன. எடுத்தவர்கள் கலைஞர் அல்லர், நகராட்சியின் ஆட்கள். 1949-லும் 1950-லும், கையகப்படுத்தும் மனைகளுக்கு மதிப்புப் போடுவதற்காக, வீடு வீடாக நின்று எடுத்தவை. பின்னர் அவற்றைத் தெருவரிசையில் இணைத்துக் காட்சிக்கு வைத்தபோது, அங்கு வாழ்ந்த முதியவர்கள் வந்து, படத்தில் இல்லாதவற்றையும் விரல்வைத்துச் சுட்டினார்கள்: இந்த வாசலுக்குப் பின்னே தோட்டம், இந்தப் படிக்கட்டில் இன்னார் உட்கார்ந்திருப்பார், அடுத்தது மருந்துக்கடை.